சொல்லாமல் போகும் பரீட்சை

அருணாவின் பரிசோதனையில் அம்மாக்களுக்கு ஒரே ஒரு வேலைதான். குழந்தையிடம் சொல்லாமல் எழுந்து அறையை விட்டு வெளியே போக வேண்டும். கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; அப்படி ஒன்றான தேவனூர் நாட்டில் முதல் வாரம் வந்த பெண்களில் ஒருத்தியாலும் அது முடியவில்லை.

அருணா உளவியலில் பிஎச்.டி. செய்கிறவள். சமவெளியில் ஏதோ ஒரு பல்கலைக்கழகம். ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தை அம்மாவைப் பிரியும்போது என்ன செய்கிறது, அவள் திரும்பி வந்ததும் என்ன செய்கிறது என்று பார்த்து, இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள பிணைப்பு எந்த வகை என்று சொல்வது அவளுடைய ஆராய்ச்சி. பல நாடுகளில் செய்து பார்த்த முறை. மலைக் குடும்பங்களில் யாரும் செய்ததில்லை என்பதால் கொல்லிமலைக்கு வந்திருந்தாள்.

நான் செம்மேட்டில் ஒரு லாட்ஜில் இரவு ஷிப்ட். அதே பாடத்தில் எம்.ஏ. சேர்ந்து பாதியில் விட்டவன். பிடிக்கவில்லை, விட்டேன். அறை கேட்டு வந்த அருணா, கேமரா பிடிக்கவும் ஊருக்குள் பேச்சுத் துணைக்கும் ஆள் வேண்டும் என்றாள். ஷிப்ட் முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு அவளோடு பஸ் ஏறுவேன். மதியத்துக்கு மேல் தூங்குவேன். பாதித் தூக்கத்தில் இருக்கிறவன் கேமராவுக்குப் பின்னால் நிற்பது நல்லது. யாரும் அவனைக் கவனிக்க மாட்டார்கள்.

சமுதாயக்கூடத்தில் ஒரு அறை கொடுத்தார்கள். பாய் விரித்து, பொம்மைகளைப் பரப்பி, அலமாரிமேல் கேமராவை வைத்தேன். முதல் அம்மா குழந்தையோடு உட்கார்ந்தாள். அருணா கையைக் காட்டியதும் எழுந்தாள். வாசலில் திரும்பினாள்.

"வாரேன் சாமி."

"அக்கா, சொல்லக்கூடாது. அப்படியே எழுந்து போயிடணும்."

"சரிங்க."

மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். வாசலில் திரும்பினாள்.

"அம்மா வாரேன் கண்ணு."

"அக்கா!"

"வாயி தானா சொல்லுதுங்க, நான் என்ன பண்றது? வாயக் கட்டிட்டுப் போவட்டுமா?"

சன்னலுக்கு வெளியே கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு நடுவில் பாப்பாத்தி நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். புருசன் செத்துப் பல வருசம், பிள்ளை கிடையாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்க, சொல்லாமப் போறதுக்கு இதென்ன எழவு ஊடுங்களா?"

சிரிப்பு நின்றுவிட்டது.

மலையில் யாரும் யாரிடமும் 'போறேன்' என்று சொல்வதில்லை. கொல்லைக்குப் போனாலும் 'வாரேன்' என்றுதான் சொல்வார்கள். சொல்லாமல் எழுந்து போகிற இடம் ஒன்றுதான், எழவு வீடு. அங்கே 'வாரேன்' என்று சொன்னால் மறுபடியும் அந்த வீட்டுக்கு எழவுக்கு வருவேன் என்று அர்த்தமாகிவிடும். அதனால் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நடந்துவிடுவார்கள். மற்றவர்கள் தடுக்கவும் மாட்டார்கள், திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள்.

அருணாவுக்கு இதை விளக்கினேன். கண்கள் விரிந்தன. "சூப்பர் பாயிண்ட், மணி. கட்டுரையில கட்டாயம் சேர்க்கணும்" என்றாள். ஆனால் முறையை மாற்ற முடியாது என்றாள். மாற்றினால் மற்ற நாட்டுக் குழந்தைகளோடு ஒப்பிட முடியாதாம். அம்மா சொல்லாமல்தான் போக வேண்டும்.

அடுத்த சிக்கல், அந்நியர். அம்மா வெளியே போனபின் குழந்தைக்குத் தெரியாத ஒருவர் உள்ளே வந்து உட்கார வேண்டும். அந்த ஊரில் குழந்தைகளுக்குத் தெரியாத மனுசரே இல்லை. கீழே சமவெளியிலிருந்து வந்து வேலை பார்க்கும் நர்ஸ் ஜெசிந்தாவை அருணா கேட்டுக்கொண்டாள். அவள் வாசலில் தலையைக் காட்டியதுமே குழந்தை பயத்தில் பாயை நனைத்துவிட்டது. ஊசி போடுகிறவளை அந்நியர் என்று எந்தக் குழந்தையிடம் சொல்வது? ஜெசிந்தாவே வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, புதிதாக மலைக்கு மாற்றலாகி வந்திருந்த ஸ்டெல்லா என்ற கிளார்க்கைக் கூட்டிவந்து விட்டாள். அதற்குப்பின் வேலை நடந்தது.

பெண்களும் பழகிக்கொண்டார்கள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு எழுந்தார்கள். முந்தானையைப் பற்களுக்கிடையே கடித்துக்கொண்டு போனவளும் உண்டு. குழந்தைகள் கதவைப் பார்த்து அலறின. திரும்பி வந்தவள் இடுப்பில் ஏறிக்கொண்டு அடங்கின. அருணா தலையை ஆட்டிக்கொண்டு குறித்துக்கொண்டாள். கேமராவின் சின்னத் திரையில் எனக்குத் தெரிந்தது எழவு வீடு மட்டும்தான். இவர்கள் எழுந்து போகிற விதம் அப்படியே அதுதான்.  அதைச் சொல்வதற்கு எனக்குச் சம்பளம் இல்லை.

தவறு எங்கே நடந்தது என்று கேட்டால் அந்த இரண்டாவது வாரச் சனிக்கிழமையைத்தான் காட்டுவேன். பெண்கள் கேட்டார்கள் என்று அருணா அவர்களை உட்காரவைத்து எளிய தமிழில் விளக்கினாள். அம்மா போனால் குழந்தை தேடுகிறதா, வந்ததும் ஓடிவருகிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா. ஓடிவந்தால் பாசம் உறுதியாக இருக்கிறது என்று அர்த்தம். "இதுல பாஸ் ஃபெயில் எல்லாம் கிடையாது" என்றும் சேர்த்துச் சொன்னாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்று மாலையே அதற்குப் பாசப் பரீட்சை என்று பெயர் வந்துவிட்டது. குடிதண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டாள்: "என்ன மயிலு, பாசத்துல நீ பாஸா?" அவள் பதிலுக்கு, "நான் பாஸு. உன்ற புள்ளதான் ஸ்டெல்லாம்மா மடியில ஒக்காந்துக்கிச்சாமா?" என்றாள். குடம் நிரம்பி வழிந்தும் இரண்டு பேரும் எடுக்கவில்லை.

ஊருக்குத் தீர்ப்புச் சொல்லும் ஊர்க்கவுண்டர் காளியண்ணன் ஒருநாள் வந்து சன்னல் வழியே பார்த்தார். நல்ல மனிதர்தான். கூட்டத்தில் கத்தமாட்டார். நிறுத்தி நிறுத்திப் பேசுவார். பார்த்து முடித்ததும் என் தோளில் கை வைத்தார்.

"நல்ல முறையா இருக்குது தம்பி. பொய் சொல்லத் தெரியாத சாட்சி."

எனக்குத் தூக்கம் தெளிந்தது அப்போதுதான். ஏனென்றால் கோகிலாவின் விவகாரம் ஊர் முழுக்கத் தெரியும்.

கோகிலாவுக்கு இருபத்து மூன்று வயது. புருசன் சந்தோஷ்குமார் போர்வெல் லாரியோடு வடக்கே போகிறவன். வந்தால் குடிப்பான், குடித்தால் அடிப்பான். அவள் மகன் தர்ஷனைத் தூக்கிக்கொண்டு அதே ஊரில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். வயிற்றுப்பாட்டுக்குக் கீழே ஒரு நூல் மில்லில் சேர்ந்தாள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கினால் சனிக்கிழமைதான் மலையேறுவாள். பையனை அண்ணன் மனைவி பார்த்துக்கொண்டாள். இப்போது சந்தோஷ்குமார் தரப்பு பையனைக் கேட்கிறது. கேட்கிறது என்றால் அவன் கேட்கவில்லை. அவனுடைய அக்கா கேட்கிறாள். அந்த அக்காதான் பாப்பாத்தி. தம்பியைத் தூக்கி வளர்த்தவள். பிள்ளையில்லாத இடுப்பு அது. அமாவாசைக்கு மறுநாள் ஊர்க்கூட்டம் உட்கார்ந்து தர்ஷன் யாரிடம் இருப்பது என்று தீர்மானிக்கும். கோகிலா மில்லில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அவளையும் அருணா பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டாள். எடுத்திருக்கக்கூடாது. ஆராய்ச்சி மாதிரிக்கு ஆள் குறைந்தது, எடுத்தாள்.

கோகிலா சத்தமில்லாமல் எழுந்து போனாள். தர்ஷன் கையில் மஞ்சள் பிளாஸ்டிக் லாரி. கதவை ஒருமுறை பார்த்தான். உதடு பிதுங்கியது. பிறகு லாரியைப் பாயின் ஓரத்தில் உருட்ட ஆரம்பித்தான். அவள் திரும்பி வந்து கையை நீட்டினாள். அவன் அவளைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ஐந்து நாள் காணாமல் போய் ஆறாம் நாள் வருகிறவள் மேல் ஒரு குழந்தைக்கு இருக்கக்கூடிய கோபம்தான். கோபம் இருந்தால் பாசமும் இருக்கிறது என்று எவனுக்கும் தெரியும். சன்னலில் நின்ற பாப்பாத்தியின் கணக்கு வேறு.

"பாத்துக்கங்க. பெத்தவ வந்தா மொகத்தத் திருப்புது எங்க புள்ள."

கோகிலா வெளியே வந்து அருணாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க மேடம், ஃபெயில்னு போட்றாதீங்க. என்ற புள்ளயப் புடுங்கிக்குவாங்க."

"ஃபெயில்னு ஒண்ணும் இல்ல கோகிலா. இது யாருக்கும் போகாது. ரகசியம்."

"நங்கையா பாத்துட்டாங்களே."

புருசனின் அக்காவை அங்கே நங்கையா என்பார்கள்.  கம்பிச் சன்னலுக்குப் பலகை அடிக்க வேண்டும் என்று அருணாவுக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. அடித்தோம். அதற்குள் பார்க்க வேண்டியதை எல்லோரும் பார்த்துவிட்டிருந்தார்கள்.

பிறகு பரீட்சை அறையை விட்டு வெளியே போய்விட்டது. அருணா இல்லாமலே நடந்தது. மாமியார்கள் மருமகள்களை ஏவினார்கள்: "சித்த மறைஞ்சு நில்லு, புள்ள தேடுதான்னு பாப்போம்." சம்பளத்துக்குக் கீழே போய்விட்டு வந்த ஒருத்தன் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வீட்டுக்குப் போகாமல் பலாமரத்துக்குப் பின்னால் ஒளிந்து மகளை வேடிக்கை பார்த்தான். மலையிலேயே இன்னொரு நாடான பெரக்கரையிலிருந்து ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி வந்து, "பரீட்சை எங்கீங்க வெக்கிறாங்க?" என்று கேட்டாள். தாய்மார்கள் எந்நேரமும் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

முதலில் ஊர் முழுக்க அழுகைச் சத்தம். குழந்தைகள் முந்தானையை விடவில்லை. அம்மா எழுந்தால் எழுந்தன, உட்கார்ந்தால் காலடியில் உட்கார்ந்தன. பிறகு மெல்ல மெல்லச் சத்தம் குறைந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது அதை நான் கவனித்தேன். மூடுபனிக்குள் கோழிகளின் சத்தம் கேட்கும், எங்கோ மரவள்ளி வயலில் நாய் குரைக்கும். குழந்தைச் சத்தம் இருக்காது. ஒவ்வொரு வாசலிலும் ஒன்று உட்கார்ந்திருக்கும். அழாமல், விளையாடாமல், கதவையோ வேலி மூலையையோ பார்த்துக்கொண்டு. நாங்கள் கடந்து போனால் கண்ணை மட்டும் திருப்பும், பிறகு பழைய இடத்தையே பார்க்கும்.

"கவனிச்சீங்களா?" என்று அருணாவைக் கேட்டேன்.

"கவனிச்சேன்." அவள் வேகமாக நடந்தாள். "இன்னும் பத்து நாள்ல முடிச்சிடலாம்."

கோகிலாவும் தர்ஷனைப் பழக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். ஒருநாள் அந்த வழியாக வந்தபோது கொடிக்குப் பின்னால் குந்தியிருந்தாள். விரலை உதட்டில் வைத்து என்னை உட்காரச் சொன்னாள். களத்தில் தர்ஷன் தனியாக நின்று கதறிக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் ஓடினான், வெளியே ஓடிவந்தான், விழுந்தான், எழுந்தான். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோசம்.

"பாத்தீங்களாண்ணா? எப்பிடித் தேடுறான் பாருங்க. நேத்தவிட இன்னிக்கு எச்சா அழுவுறான்."

"போய்த் தூக்கு."

"இருங்க, இன்னும் கொஞ்சம்." பிறகு எழுந்து போனாள். அவன் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான். தூக்கி முத்தம் கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாஸுங்களாண்ணா?"

"இப்படி வெளையாடாத கோகிலா. பழகிடுவான்."

"பழகட்டும்னுதாங்க பண்றேன்."

 புரியும்படி சொல்லியிருந்தாலும் அவள் நிறுத்தியிருக்க மாட்டாள். பிள்ளை போய்விடும் என்ற பயத்தில் இருக்கிறவளுக்கு அந்த அழுகை ஒன்றுதான் கையில் பிடித்துக்கொள்ள இருந்தது.

ஒரு வாரம் கழித்து பஸ் நிற்கும் இடத்தில் எனக்காகக் காத்திருந்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன.

"அண்ணா, இப்ப அழுவமாட்டேங்குறான்."

"என்ன செய்றான்?"

"லாரிய வெச்சிக்கிட்டு அந்த மரத்தையே பாக்குறான். நான் வந்தா, வந்துட்டியாங்கற மாதிரி ஒரு பார்வ. அப்பறம் அவன்பாட்டுக்கு வெளையாடுறான்."

"நீ சொல்லாமப் போனா உடனே திரும்பி வந்துருவேன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. எதுக்கு அழுவான்?"

அவள் யோசித்தாள். "மில்லுக்குப் போறப்ப மட்டும்தானுங்க 'வாரேன் சாமி'ன்னு சொல்லுவேன். அதுக்குத்தான் அழுவான். பஸ்ஸு ஏறுனாலும் அழுவ நிக்காது."

"அப்ப கணக்கு சரியாத்தான் வெச்சிருக்கான். வாரேன்னு சொன்னா வரமாட்டே. சொல்லாமப் போனா வந்துருவே."

 ஊரில் ஆயிரம் வருசமாக இருக்கும் ஒரு சொல்லை அந்தப் பையன் தலைகீழாகக் கற்றுக்கொண்டிருந்தான். கற்றுக்கொடுத்தது பெற்றவள்.

"இப்ப என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ணாத. அவன்கூட இரு. அது போதும்."

"கூட இருந்தா பாஸ் ஆவுங்களா?"

கேட்டுவிட்டு நிற்காமல் அவள் நடந்து போய்விட்டாள். அன்றைக்கு அரைநாள் ஒளிந்திருந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். தர்ஷன் மரத்தைப் பார்த்தபடியே தூங்கிப்போனானாம்.

அருணாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தைகளின் பட்டியலை எடுத்துப் பிரித்தாள். "பயிற்சி கொடுத்த குழந்தையை வெச்சுக்க முடியாது, மணி. தர்ஷனை மாதிரியிலேருந்து எடுத்துடறேன்" என்றாள். எடுத்துவிட்டாள். அவளுடைய ஆராய்ச்சியில் அந்தப் பையன் அன்றோடு இல்லை. ஊர்க்கூட்டத்தில் இருந்தான்.

அமாவாசைக்கு மறுநாள் கோயிலுக்குப் பக்கத்தில் பலாமரத்தடியில் கூடினார்கள். வெயில் ஏறியும் பனி முழுதாக விலகவில்லை. நானும் அருணாவும் போய்ச் சேர்ந்தபோது மரத்தடியில் எங்கள் பாய் விரித்திருந்தது. எங்கள் பொம்மைகள் அதன்மேல் பரப்பியிருந்தன. நான் அறையில் வைப்பேனே, அதே வரிசையில். யாரோ சன்னல் வழியாக அவ்வளவு நன்றாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். சமுதாயக்கூடத்துச் சாவி காளியண்ணனிடம் இருந்தது.

அருணா நேரே அவரிடம் போனாள். "ஐயா, இது தப்பு. இதை வெச்சு யார்கிட்ட குழந்தை இருக்கணும்னு முடிவு பண்ணக்கூடாது. இது அதுக்கான முறையே இல்ல."

"ஒக்காருங்க மேடம். தண்ணி குடிங்க." அவர் அமைதியாகக் கேட்டார். "நீங்க எதுக்குப் பண்ணுனீங்க?"

"பாசப் பிணைப்பைத் தெரிஞ்சுக்க."

"எங்களுக்கும் அதுதானுங்களே தெரியணும். நீங்க பண்ணுனா ஆராய்ச்சி, நாங்க பண்ணுனா தப்புங்களா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அருணா உட்கார்ந்தாள்.  கோர்ட்டுக்குப் போ, சட்டம் உன் பக்கம் நிற்கும் என்று கோகிலாவிடம் முந்தினநாள் சொல்லிப் பார்த்திருந்தாள். கோர்ட்டுக்குப் போனால் அண்ணன் வீட்டிலும் இடம் இருக்காது என்று கோகிலா சொல்லிவிட்டாள். சந்தோஷ்குமார் ஒரு கல்மேல் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். அவனுக்கு இதில் ஒன்றும் இல்லை.

தர்ஷனைப் பாயில் உட்காரவைத்தார்கள். அவன் மஞ்சள் லாரியை எடுத்துக்கொண்டான். நாலைந்து போன்கள் உயர்ந்தன. என் கேமரா பைக்குள் இருந்தது.

"மொதல்ல தாயி போவட்டும்" என்றார் காளியண்ணன். "சொல்லக்கூடாது. ரூலு அதுதான்."

கோகிலா எழுந்தாள். பையனின் தலையைத் தொடப்போன கையை இழுத்துக்கொண்டாள். கோயில் சுவரை ஒட்டி நடந்து மூலை திரும்பி மறைந்தாள்.  தர்ஷன் மூலையைப் பார்த்தான். லாரியை ஒரு சுற்று உருட்டினான். மறுபடி மூலையைப் பார்த்தான். முகத்தில் பயமே இல்லை. காத்திருந்தான். எனக்குத் தெரிந்தது, அருணாவுக்குத் தெரிந்தது. மற்றவர்கள் கண்ணுக்கு, பெற்றவள் போயும் விளையாடுகிற பிள்ளை.

காளியண்ணன் கை காட்ட, கோகிலா திரும்பி வந்தாள். தர்ஷன் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். லாரி ஓடியது.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. "சாமி பாத்துக்கிச்சு" என்றாள் ஒரு கிழவி.

"பாப்பாத்தி, நீ போ."

பாப்பாத்தி அவ்வளவு நேரமும் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்தாள், புடவையை உதறினாள். அவளிடம் சூது இல்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். நாற்பது வருசப் பழக்கம், அவ்வளவுதான்.

"அத்த வாரேன் சாமி" என்றாள்.

தர்ஷனின் கையிலிருந்து லாரி விழுந்தது. அவன் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் கிளம்பின. பாயை விட்டு எழுந்து அவள் பின்னால் ஓடினான். பொம்மையில் கால் தட்டிக் குப்புற விழுந்தான். மண்ணில் கிடந்தபடியே கையை நீட்டிக் கதறினான். போன்கள் எல்லாம் அவன் பக்கம் சாய்ந்தன. பாப்பாத்தி பாதி வழியிலேயே திரும்பி ஓடிவந்து அள்ளிக்கொண்டாள். அவள் கழுத்தை அவன் இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டான். அவளும் அழுதாள். கூட்டத்தில் பல பேர் அழுதார்கள்.

"இதுக்கு மேல என்ன வேணும்?" என்றான் யாரோ.

"அவன் நங்கையாளுக்கு அழுவல!" கோகிலா நடுவில் வந்து நின்றாள். "அந்தச் சொல்லுக்கு அழுவுறான். வாரேன்னு சொன்னா நான் மில்லுக்குப் போயிருவேன், அதுக்கு அழுது பழகிட்டான். நானும் சொல்லிட்டுப் போறனுங்க. ஒருக்கா பாருங்க. ஒரே ஒருக்கா."

"அவ சொல்றது உண்மை" என்றாள் அருணா. "நான் எழுதியே தர்றேன்."

காளியண்ணன் இரண்டு பேரையும் பொறுமையாகப் பார்த்தார். "சொல்லுக்கு எந்தப் புள்ளைங்க அழுவும்? மனுசருக்குத்தான் அழுவும். அப்பறம், தாயி சொல்லாமத்தான் போவணும். அந்த ரூல நாங்க போடல. நீங்கதான் மேடம் போட்டீங்க. சொல்லிட்டுப் போனா பரீட்சை செல்லாதுன்னு எத்தன தாட்டி எங்க பொம்பளைங்களத் திருப்பி ஒக்கார வெச்சீங்க?"

"அப்ப பாப்பாத்தி சொன்னாங்களே!" என்றாள் அருணா.

"அவ தாயி இல்லீங்களே. ரூலு தாய்க்குத்தான்."

  அருணாவின் முறையை அவளிடமே, ஒரு சொல் குறையாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பையன் பாப்பாத்தியோடு இருப்பான், கோகிலா சனிக்கிழமை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பானது. பாப்பாத்தி பையனைத் தூக்கிக்கொண்டு போக எழுந்தாள். அவன் நெளிந்தான். இறங்கி மறுபடி பாயில் உட்கார்ந்துகொண்டான். லாரியைத் தேடி எடுத்தான். கூட்டம் கலையத் தொடங்கியது. கீழே வளைவில் செம்மேட்டு பஸ்ஸின் ஹாரன் கேட்டது. லீவு முடிந்த கோகிலா மில்லுக்குப் போக அதைத்தான் பிடிக்க வேண்டும்.

கோகிலா அவன் எதிரில் குந்தினாள். கன்னத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள். வாய் திறந்தது. அந்தச் சொல் அவள் தொண்டை வரை வந்ததைப் பார்த்தேன். சொன்னால் கதறுவான், கூட்டம் நின்று திரும்பிப் பார்க்கும். அவள் பக்கம் ஒரு சாட்சி கிடைக்கும். அந்தச் சாட்சி செல்லாது என்று இப்போதுதான் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். கதறல் மட்டும் மிஞ்சும்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். எழுந்தாள். பாப்பாத்தியைப் பார்க்கவில்லை, யாரிடமும் பேசவில்லை. கோயில் சுவரை ஒட்டி நடந்தாள். எழவு வீட்டிலிருந்து எழுந்து போகிறவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவளும் பார்க்கவில்லை. மூலை திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வளைவாக இறங்கிப் பனிக்குள் அடங்கியது.

தர்ஷன் அழவில்லை. லாரியை ஒரு சுற்று உருட்டிவிட்டுச் சுவர் மூலையைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். சொல்லாமல் போனவள் இப்போது வந்துவிடுவாள்.

"வா சாமி, ஊட்டுக்குப் போலாம்" என்றாள் பாப்பாத்தி.

அவன் நகரவில்லை.